இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வேண்டுதல்

அந்த வேண்டுதலை என் கணவர் எனக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்று சொல்ல வரவில்லை. அன்றைக்கு இருந்த நிலைமையில் அவர் எதைக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் மகளுக்கு இரண்டு வயது. டைபாய்டு காய்ச்சல். திருச்சியில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் குடியிருந்தோம். அவர் பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி எடுத்துக் காட்டும் வேலையில் இருந்தார். மூன்றாவது வாரமும் காய்ச்சல் இறங்கவில்லை. குழந்தை கண்ணைத் திறந்தால் எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தது. டாக்டர் புதிதாக வந்திருந்த மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்து, "நாலு நாள் பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த நாலு நாளில் ஒரு காலை, என் கணவர் எங்கே போகிறேன் என்று சொல்லாமல் கிளம்பிப் போனார். அம்மா மண்டபப் படித்துறையில் காவிரியில் முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தபோதும் வேட்டி முழுதாகக் காயவில்லை. குழந்தையின் காலருகே உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"வேண்டிக்கிட்டேன்."

"என்னன்னு?"

"பாப்பா பொழைச்சு எழுந்துட்டா, நாம ரெண்டு பேரும் கறி, மீன், முட்டை எதையும் ஆயுசுக்கும் தொடுறதில்லைன்னு."

"சரிங்க" என்றேன். குழந்தையின் நெற்றியில் இருந்த துணியை நனைத்துத் திருப்பிப் போட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

குழந்தை பிழைத்தாள். எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

நான் மண்ணச்சநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் எங்கள் வீட்டில் மீன் குழம்புதான். கெண்டை, விரால், அயிரை என்று அப்பா வலையில் என்ன கிடைக்கிறதோ அது. தண்ணீர் வற்றிப்போன மாதங்களில் கருவாடு. என் அம்மா மீன் குழம்பில் மாங்காய் போடுவாள். அந்தக் குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு ஒரே நாளில் எல்லாம் நின்றுபோயிற்று.

வேண்டுதலைக் காப்பாற்றச் சுலபமாக இருக்கும் என்று அவர் ஸ்ரீரங்கத்திலேயே வீடு பார்த்தார். சித்திரை வீதியில் ஒரு வீட்டின் பின்கட்டு. வீட்டுக்கார அம்மாள் முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "கவிச்சி வாடை வரப்படாது, தெரியுமோல்லியோ?" என்றாள். "நாங்க சுத்த சைவம்ங்க" என்றேன். "பெருமாள் ஊர்ல வந்து சைவம்ங்கறயே" என்று சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

முதல் வருஷம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அக்கம்பக்கத்தில் யாராவது புளிக்குழம்பு தாளிக்கும் வாடை வந்தால்கூட வாயில் எச்சில் ஊறும். அந்த ஆசையை ஏமாற்ற ஏதேதோ செய்தேன். வாழைக்காயைப் பட்டையாகச் சீவி, மீனுக்குப் போடுகிற மிளகாய், மல்லி, சீரகம், பூண்டு எல்லாம் அரைத்துத் தடவி, இரும்புக் கல்லில் போட்டு எடுப்பேன். சேனைக்கிழங்கை ஆட்டுக்கறி போலத் துண்டு போட்டு, சோம்பு, கசகசா, தேங்காய் அரைத்து ஊற்றிக் குழம்பு வைப்பேன். மாங்காய் வந்த காலத்தில் கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு அம்மாவின் குழம்பை மீன் இல்லாமல் வைத்துப் பார்த்தேன். என் கணவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இதுக்கு மேல மீன் என்னத்துக்கு?" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும். இரண்டு பேரும் ஒரே பாரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். குழந்தையும் நானும் மட்டும். மறுநாள் மத்தியானம் அம்மா கொல்லையில் இருந்தாள். அடுப்படியில் சட்டி மூடியிருந்தது. நான் மூடியை எடுத்தேன். அயிரை மீன் குழம்பு. தட்டை எடுத்துக்கொண்டு உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சோற்றை அள்ளிச் சட்டியிலேயே போட்டுப் பிசைந்து சாப்பிட்டேன். தெரியாமல் செய்தேன், கை தவறிவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தெரிந்துதான் சாப்பிட்டேன். ருசியில் எனக்கு அழுகை வந்தது.

எட்டு நாள் கழித்து மகளுக்குக் காய்ச்சல் வந்தது. தெருவில் பாதிக் குழந்தைகளுக்கு அந்த வாரம் அதே காய்ச்சல்தான். ஆனால் எனக்கு அந்த அயிரைக் குழம்புச் சட்டிதான் கண் முன்னால் வந்தது. என் கணவர் குழந்தையின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமெல்லாம் இல்லை. அவர் குரலை உயர்த்திப் பேசுகிற மனிதரே இல்லை.

"அம்மா வீட்ல ஏதாச்சும் சாப்பிட்டியா?"

நான் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டு சாப்பிட்டதையும் சொன்னேன்.

அவர் நெஞ்சிலிருந்து நீளமாக ஒரு மூச்சை விட்டார். என்னால் அவர் மனசு உடைந்துபோனது என்று நினைத்தேன். அந்த மூச்சுக்கு என்ன அர்த்தம் என்று தெரிய எனக்கு ஐந்து வருஷம் ஆயிற்று.

"நான் ஏதாவது பண்ணிடறேங்க. சனிக்கிழமை சனிக்கிழமை ஒண்ணும் சாப்பிடாம விரதம் இருக்கேன்" என்றேன்.

"இரு. பாலையும் தயிரையும்கூடக் கொஞ்ச நாளைக்கு விட்டுப் பாரேன். அதுவும் மாட்டோட உடம்புலேருந்து வர்றதுதானே" என்றார் மெதுவாக.

காய்ச்சல் மூன்றாம் நாள் இறங்கியது. விரதம் மட்டும் நிற்கவில்லை. கொஞ்ச நாள் என்று ஆரம்பித்தது ஐந்து வருஷம் நடந்தது. பால் இல்லாத காப்பி, மோர் இல்லாத சோறு. கடைசியில் ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவேன். காய்கறியும் பருப்பும் அரிசியும் எண்ணெயும், அவ்வளவுதான் என் சாப்பாடு. பலகாரம் செய்தால் நெய்யில்லாமல் எனக்குத் தனியாக எடுத்து வைப்பேன். உடம்பு இளைத்தது. பிறகு அதுவும் பழகிப்போயிற்று. உண்மையைச் சொன்னால், அந்தச் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொண்டது. எனக்குக் கஷ்டமாக இருந்தது சாப்பாடு இல்லை, ஒவ்வொரு வாயிலும் பயந்ததுதான்.

சனிக்கிழமைகளில் என் கணவருக்கும் குழந்தைக்கும் மட்டும் சமைக்க அடுப்பு மூட்டுவேன். ஒருநாள் அவரே சொன்னார். "நீ பட்டினி கெடந்துக்கிட்டு எனக்குத் தூக்குல சோறு கட்டிக் குடுக்கிறது எனக்குச் சங்கடமா இருக்கு. பாப்பாவுக்கு மட்டும் பண்ணு. சனிக்கிழமை நான் ஐயர் ஓட்டல்ல பாத்துக்கறேன்." இப்படி நினைக்கிற புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று பக்கத்து வீட்டில்கூடச் சொல்லிப் பூரித்துப்போனேன்.

இதற்கு நடுவில்தான் அம்மா படுத்தாள். நெஞ்சு நோய். நான் பார்க்கப் போயிருந்தபோது, எழுந்திருக்கக் கூடாது என்று அண்ணன் சொல்லியும் கேட்காமல் விரால் மீன் வாங்கி வரச் சொல்லி, மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அவளே குழம்பு வைத்தாள். எனக்குத் தட்டில் சோற்றைப் போட்டு, நடுத்துண்டாக எடுத்து வைத்தாள்.

"வேணாம்மா. நான் தொட்டா பாப்பாவுக்கு ஆகாதும்மா."

"எங்கையால ஒரு வாய் தாயி. நான் இருக்கிற வரைக்கும்தானே."

"வேணாம்மா."

அம்மா என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தத் துண்டை எடுத்துத் திரும்பச் சட்டியில் போட்டாள். "புள்ளைக்கு ஆகாதுன்னா வேணாம்" என்றாள். அன்றைக்கு அவளும் அந்தக் குழம்பைச் சாப்பிடவில்லை. அடுத்த தை மாதம் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

மகளுக்குப் பத்து வயது இருக்கும். அறுபதுகளின் ஆரம்பம். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு மாம்பழக் கலரில் பாவாடை வேண்டும், திங்கட்கிழமைக்குள் வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை காலையில் வந்து சொன்னாள். தைக்கக் கொடுக்க நேரம் வேண்டுமே என்று அவளைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அவர் வேலை செய்த கடைக்கே நடந்து போனேன். அவர் கையால் துணி கிழித்து வாங்கிக்கொள்ளலாம் என்று மகளுக்கு ஆசை.

கடையில் அவர் இல்லை. கூட வேலை செய்கிற பெரியவர் ஒருவர், "சனிக்கிழமைன்னா இந்நேரம் மெஸ்ஸுக்குப் போயிடுவாரேம்மா. சத்திரத்துக்குப் பின்னாடி ரெண்டாவது சந்து. இப்பத்தான் போனார்" என்றார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

ஐயர் ஓட்டல் அங்கே புதிதாக வந்திருக்கும் போல என்று நினைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தேன். சந்துக்குள் நுழைந்ததுமே வாடை வந்தது. ஆட்டுக்கறி வதங்குகிற வாடை. சந்துக்கோடியில் ஒரு ஓட்டு வீடு. வாசல் பலகையில் மிலிட்டரி ஓட்டல் என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் வேறு கடை எதுவும் இல்லை. வழி தப்பி வந்துவிட்டோம் என்று திரும்பிப் போக எத்தனித்தேன். அப்போது உள்ளே சுவர் ஆணியில் ஒரு சட்டை தொங்குவதைப் பார்த்தேன்.

வெள்ளைச் சட்டை. மேலிருந்து மூன்றாவது பித்தானை நான் நீல நூலால் தைத்திருந்தேன், அன்று காலையில் வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்ததால். அதன்பிறகுதான் அவரைப் பார்த்தேன். பனியனோடு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, இலைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். சட்டையில் வாடை பிடிக்கக் கூடாது என்று கழற்றி மாட்டியிருக்கிறார். பரிமாறிக்கொண்டிருந்த அம்மாள், "சாருக்கு ஈரல் எடுத்து வச்சிருக்கேன், எழுந்துடாதீங்க" என்று உள்ளிருந்து சொன்னாள்.

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். வாயில் இருந்ததை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

காலையிலிருந்து நான் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. வாசலில் இருந்த தூணைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, "உள்ள வாங்கம்மா, குடும்பத்தோட உக்கார எடம் இருக்கு" என்றாள்.

மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் பின்னால் கூப்பிட்டது கேட்டது. சட்டை இல்லாமல் சந்துக்கு வர அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். அதற்குள் பஸ் ஏறிவிட்டோம்.

காவிரிப் பாலத்தில் பஸ் போய்க்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள்.

"அப்பா சாப்பிட்டது கறியாம்மா?"

"ஆமா."

"அப்படின்னா எனக்குத் திரும்பக் காய்ச்சல் வருமா? செத்துப்போயிடுவேனா?"

அவள் அழவில்லை. பரீட்சைக்கு எந்தப் பாடம் என்று கேட்பது போலக் கேட்டாள். அவள் உயிர் எங்கள் வாயில் இருக்கிறது என்று நாங்கள்தானே சொல்லி வளர்த்திருந்தோம்! எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டேன்.

"உன்னைப் பொழைக்க வச்சது டாக்டர் குடுத்த மாத்திரை. அப்பா என்ன சாப்பிட்டாலும், நான் என்ன சாப்பிட்டாலும், உனக்கு ஒண்ணும் ஆகாது. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவளுக்காகத்தான் சொன்னேன். ஆனால் சொல்லி முடித்ததும் அது என் காதிலும் விழுந்தது. சம்பந்தமே இல்லை என்றால் நான் ஐந்து வருஷமாக எதற்குப் பட்டினி கிடந்தேன்? அம்மா எடுத்து வைத்த துண்டை ஏன் தள்ளினேன்? பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்தார்கள் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, அப்படி அழுதேன்.

அவர் அன்று கடையில் சொல்லிவிட்டுச் சாயங்காலமே வந்துவிட்டார். கையில் மாம்பழக் கலர்த் துணிப் பொட்டலம். மகள் கடையில் கலர் சொல்லிக் கேட்டதை அந்தப் பெரியவர் சொல்லியிருக்கிறார். அதை மகளிடம் கொடுத்து, எதிர்வீட்டில் போய் விளையாடச் சொன்னார். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"எப்பவாவதுதான்" என்றார்.

"சனிக்கிழமை சனிக்கிழமை வர்றது எப்பவாவதா?"

அடுப்பைவிட்டு எழுந்து மறுபடி கேட்டேன்.

"எப்பலேருந்து?"

"பாப்பா எழுந்து நடமாட ஆரம்பிச்ச மூணாம் மாசம். கடை ஆளுங்களோட ஒருதடவை போனேன். பயந்துக்கிட்டேதான் சாப்பிட்டேன். பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. அப்புறம் அப்பப்ப."

"அப்ப என்கிட்ட ஏங்க சொல்லல? நானும் சாப்பிட்டிருப்பேன்ல?"

"நீ அவ்வளவு நம்பிக்கையா இருந்த. அதைக் கெடுக்க வேணாம்னு..."

"சரி. அதையும் ஒத்துக்கறேன். பாப்பாவுக்கு அன்னிக்குக் காய்ச்சல் வந்தப்ப, அம்மா வீட்ல என்ன சாப்பிட்டேன்னு என்னைக் கேட்டீங்களே. எந்த வாயால கேட்டீங்க?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் எனக்குச் செய்ததில் ஒரே ஒரு நியாயமான காரியம், அன்றைக்குப் பொய் சொல்லாமல் இருந்ததுதான்.

"அந்த வாரமும் நான் சாப்பிட்டிருந்தேன். என்னாலதான் காய்ச்சல்னு உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருந்தேன். நீ சாப்பிட்டேன்னு சொன்னதும்... எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

அந்த நீளமான மூச்சு. மனசு உடைந்து விட்ட மூச்சு இல்லை அது. தன் தலையில் இருந்ததை என் தலைக்கு மாற்றிவிட்டு விட்ட மூச்சு.

நான் கத்தவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போய், வீட்டுக்கார அம்மாளிடம் கொஞ்சம் பால் வாங்கி வந்தேன். காப்பி போட்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருக்க, ஒரு டம்ளர் நிறையக் குடித்தேன். அவருக்குப் போடவில்லை. ஐந்து வருஷத்துக்குப் பிறகு குடித்த பால் காப்பி எனக்குப் பிடிக்கவே இல்லை, மேலண்ணமெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. ஆனாலும் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணியிடம் மீன் வாங்கிச் சமைக்கச் சொன்னேன். அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சமைத்தாள். எல்லோருடனும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது அண்ணியின் குழம்பு. நான் தேடிப் போன குழம்பை வைக்கிறவள் உயிரோடு இல்லை. இரண்டு துண்டோடு போதும் என்று கை கழுவிவிட்டேன்.

அங்கேயே ஒரு வாரம் இருந்தேன். திரும்பிப் போகாமலே இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். புருஷன் கறி சாப்பிட்டான் என்று வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றால் ஊர் சிரிக்கும். நடந்தது அது இல்லை என்று யாருக்கு விளக்குவது? மகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. திரும்பினேன்.

அதன்பிறகு எனக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். தினப்படி சாப்பாடு அதே காய்கறியும் பருப்பும்தான். என் உடம்பு அதற்குப் பழகியிருந்தது, நாக்கும் அதைத்தான் கேட்டது. சனிக்கிழமை விரதம் இல்லை. விருந்தில் பாயசம் போட்டால் குடிப்பேன். வருஷத்தில் இரண்டு தடவையோ மூன்று தடவையோ, ஆசை வந்தால் அண்ணன் வீட்டுக்குப் போய் மீன் சாப்பிடுவேன். வந்ததும் அவர் முகத்துக்கு நேராக, "இன்னிக்கு மீன் சாப்பிட்டேன்" என்பேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. சாப்பிட்டதற்காக மறுநாள் பட்டினி கிடக்கவும் மாட்டேன். அவர் சனிக்கிழமைகளில் எங்கே சாப்பிட்டார் என்று நான் கேட்டதில்லை. சட்டையை மோந்து பார்த்ததும் இல்லை. தூக்கில் சோறு கட்டி வைப்பேன். சில நாள் காலியாக வரும், சில நாள் அப்படியே வரும். கேட்பதை நிறுத்தியபோது, அவர் சொல்வதை நம்புவதையும் நிறுத்தியிருந்தேன். கடையில் நேரமாகிவிட்டது என்றாலும், தலைவலி என்றாலும், ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். அது அவருக்கும் தெரியும்.

அறுபதுகளின் கடைசியில் உறையூருக்குக் குடிபோனோம். அங்கே வாடை பற்றிக் கேட்பவர் யாரும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தெரு வழியாக மீன் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டுக்காரரிடம் நின்று விலை சொல்லிவிட்டு வந்தார். பையை என்னிடம் நீட்டினார்.

"உனக்குப் பிடிக்குமேன்னு விரால் வாங்கினேன்."

மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். மகள் வாடையே ஆகாது என்று ரசம் சோற்றை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். கல்யாணமான புதிதில் சாப்பிட்டதற்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒன்றாக மீன் சாப்பிட்டோம். அவர் முள்ளை எடுத்து இலை ஓரமாக வைத்துக்கொண்டே கேட்டார்.

"என்னை மன்னிச்சுட்டியா?"

"மீனு, கறி சாப்பிட்டதுக்கா? அதை அன்னிக்கே மன்னிச்சுட்டேங்க."

அவர் தலையை ஆட்டினார். மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மீதியையும் சொல்லியிருப்பேன்.

குழம்பு சட்டியில் பாதி மிச்சம் இருந்தது. மறுநாள் காலை அவர் வேலைக்குப் போன பிறகு, பழைய சோற்றில் ஊற்றிக்கொண்டு நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டேன். முதல்நாளைவிட நன்றாக இருந்தது.